பழைய பல்கலைக்கழகங்களில் புதுமாணவர்

பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேரும் மாணவன் பாடத்தை மட்டும் கவனித்தாற் போதாதா. சங்கம், விடுதிக் கூட்டம், தேர்தல் என்றெல்லாம் எதற்காக அலைய வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். ஆசிரியர் சிலரும் அவ்வாறே எண்ணுவர். பாடமே உடல், மாணவர் கழக வாழ்க்கை அதன்மேற் பூட்டிய அணி. வேண்டுமானால் பூணலாம், வேண்டாவெனில் கழற்றி வைக்கலாம் என்பது அவர்தம் கருத்து. ஆனால் ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் என்னும் அமைப்புத் தோன்றிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நிகழ்ச்சிகளின் முறை வேறாக இருக்கக் காண்கிறோம். அங்கே, ஊர் விட்டு ஊர் வந்த புதுமாணவர் தம்முள் ஒன்றுகூடியதே முதலில் நடந்தது. அந்தக் கூட்டத்திற்குத்தான் பின்னர்ப் பல்கலைக்கழகம் என்ற பெயர் நிலைத்தது.

சொல்லே இதற்குச் சான்று. ‘யூனிவெர்சித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு எல்லாக் கலைகளும் பயிலுமிடம் என்று பொருள் கூறுவாருண்டு. இடைக்கால மக்கள் அச்சொல்லை அப்பொருளில் ஆளவில்லை. ஒரு தொழிலையோ நோக்கத்தையோ பற்றி ஆணையிட்டு ஒன்றுசேர்ந்த மக்கள் குழு எதுவாயினும் அதற்கு அதுவே பெயர். தையற்காரர் குழுவும் யூனிவெர்சித்தாஸ். மாணவர் குழுவும் யூனிவெர்சித்தாஸ். கல்வி நடக்கும் இடத்தை அவர்கள் ‘ஸ்தூதியம்’ என்றே வழங்கினர். நம் தமிழ்ச் சொல்லின் முற்பகுதியாகிய ‘பல்கலை’ பிற்காலப் பொருளைத் தழுவியது. பிற்பகுதியாகிய ‘கழகம்’ என்பதோ, ஆக்கியோர் கருதினரோ இல்லையோ, பழம்பொருளுக்கு மிக அணுக்கமானது. கழகம் என்ற சொல்லை வள்ளுவர் சூதாடும் இடத்திற்கும், கம்பர் கலை பயிலும் இடத்திற்கும் ஆண்டிருத்தலைத் தமிழாசிரியர்கள் அறிவர். இடைக்கால மாணவர் விடுதிகளைப் பற்றிப் படிப்போர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரில் உரோமச் சட்டக் கல்வி செழித்தது. இர்னேரியஸ் என்னும் பேராசிரியர் அங்கே சட்ட நூல்களுக்கு உரை விளக்கம் கூறியதும், அவர் வழிவந்தோர் அப்பணியைத் தொடர்ந்ததும் ஐரோப்பா முழுவதும் பரவிய செய்தி. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து செருமானியர், பிராஞ்சியர், ஆங்கிலேயர், அங்கேரியர், போலந்தியர் எனப் பலரும் வந்து குவிந்தனர். வந்தவர் அனைவரும் சிறுவர் என்று எண்ணிவிடலாகாது. முன்பே திருச்சபையிற் பதவியும் வருவாயும் பெற்று, வயதும் முதிர்ந்து, சட்டம் கற்றால் மேலும் உயரலாம் எனக் கருதி வந்தோர் அவர்களுள் மிகுதி.

அத்தகையோர்க்கும் பொலோஞாவில் ஒரு பெருங்குறை இருந்தது. அவர்கள் அந்நகரத்துக் குடிமக்கள் அல்லர். அக்காலத்து இத்தாலிய நகரங்களிற் சட்டத்தின் காவல் குடிமகனுக்கே உரியது. அயலானை எவனும் ஏய்க்கலாம். வாடகையை நினைத்தபடி ஏற்றலாம். எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ஒரு செருமானிய வணிகன் பொலோஞாக் குடிமகனுக்குக் கடன்பட்டு ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவன் அகப்பட்ட வேறொரு செருமானியனைப் பிடித்து, அவன் பொருளைப் பறித்துக் கடனைத் தீர்த்துக்கொள்வான். அகப்பட்டவன் அவ்வணிகனைக் கண்ணாற் கண்டிராத மாணவனாக இருந்தாலும் விடுவதில்லை. ஒரே நாட்டில் பிறந்தான் என்பதே அவன் செய்த குற்றம்.

1155-ஆம் ஆண்டில் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா பொலோஞா வழியாகச் சென்றபோது மாணவர்கள் அவனைக் கண்டு இக்கொடுமையை முறையிட்டனர் என்று அக்காலத்துச் செய்யுள் ஒன்று தெரிவிக்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1158-ல், ரொங்காலியா என்னுமிடத்திற் கூடிய பேரவையில் ஓர் ஆணை வெளியிடப்பட்டது. கல்வி கருதிப் பயணம் செய்வோர் அச்சமின்றிச் செல்லலாம். நாட்டார் ஒருவர் பட்ட கடனுக்காக மாணவனைப் பிடித்தலாகாது. அவன்மீது வழக்கு எழுந்தால் தன் ஆசிரியர் முன்னிலையிலோ ஆயர் முன்னிலையிலோ விசாரணை நடக்குமாறு அவன் கேட்கலாம் என்பன அதன் சாரம். மாணவர் என்னும் வகுப்பார்க்கு ஐரோப்பாவிற் கிடைத்த முதற் பெருஞ்சலுகை இதுவே எனலாம்.

ஆயினும் பேரரசன் ஆல்ப்சுக்கு அப்பால் இருப்பான். வீட்டுக்காரனோ கதவுக்கு அப்பாலேயே இருப்பான். ஏட்டில் எழுதிய ஆணை இரவில் வந்து காக்காது. எனவே மாணவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள முற்பட்டனர். ஒரு நாட்டிலிருந்து வந்தோர் ஒரு குழுவாயினர். இக்குழுக்களுக்கு ‘நாசியோ’ என்று பெயர். நாட்டுக்குழு என்று நாம் கூறலாம். மலைக்கு அப்பாலிருந்து வந்த நாட்டுக்குழுக்கள் சேர்ந்து ஒரு பெருங்கழகமும், மலைக்கு இப்பால் இத்தாலியின் பிற பகுதிகளிலிருந்து வந்தவை சேர்ந்து மற்றொரு பெருங்கழகமும் ஆயின. ஒவ்வொரு கழகமும் தன் தலைவனைத் தானே தேர்ந்தெடுத்தது. ‘ரெக்டர்’ எனப்பட்ட அத்தலைவனும் ஒரு மாணவனே.

புதிதாக வந்தவன் முதலிற் செய்ய வேண்டியது தன் நாட்டுக்குழுவைத் தேடிச் செல்வது. அங்கே சூளுரை கூறிக் கட்டணம் செலுத்தினால் அவன் பெயர் ஏட்டில் ஏறும். அதன்பின் அவன் தனியன் அல்லன். நோயுற்றால் பார்க்க ஆளுண்டு; இறந்தால் முறைப்படி அடக்கம் செய்ய ஆளுண்டு; தேர்தலில் வாக்குமுண்டு. வீட்டு வாடகையை மாணவர் சார்பில் இருவரும் நகரத்தார் சார்பில் இருவருமாகக் கூடி மதிப்பிட்டனர். மதிப்பை ஏற்காத வீட்டுக்காரன் வீட்டில் மாணவர் எவரும் குடிபுகலாகாது என்று கழகம் விலக்கி வைத்துவிடும். தொழிற்சங்கத்தார் வேலை நிறுத்தம் செய்வதை நாம் அறிவோம். இது குடியிருப்பு நிறுத்தம்.

பொலோஞாவின் செருமானிய நாட்டுக்குழு வைத்திருந்த பதிவேடு இன்றும் உள்ளது. 1289-ஆம் ஆண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான பதிவுகளைக் கொண்டது அது. பெயர்களும் கட்டணங்களும் செலவுக் கணக்குமே அதில் நிறைந்துள்ளன. வழிபாட்டுக்கு மெழுகுவத்தி, கூட்டத்துக்குத் திராட்சை மது என்று ஆண்டுதோறும் எழுதிக்கொண்டே போகிறார்கள். பார்வைக்கு உலர்ந்த ஏடுதான். ஆனால் 1496-ஆம் ஆண்டுக் கணக்கில், தோர்ன் நகரத்து நிக்கோலஸ் என்னும் இளைஞன் ஒருவன் ஒன்பது ‘குரோசெத்தி’ காசு செலுத்திச் சேர்ந்ததாக ஒரு வரி வருகிறது. அவன்தான் கோப்பர்னிக்கஸ். உலகம் ஞாயிற்றைச் சுற்றுகிறது என்று பிற்காலத்தில் நூல் எழுதியவன் அந்நாளில் திருச்சபைச் சட்டம் பயில வந்த 23 வயது மாணவன். அவன் தாய்மாமனும் முன்பு பொலோஞாவிற் பட்டம் பெற்றவர். இரண்டாண்டுகளுக்குப் பின் அவன் தமையனும் அங்கு வந்து சேர்ந்தான்.

சட்டம் படிக்க வந்தவனுக்கு வானநூல் எங்கே கிடைத்தது? வகுப்புக்கு வெளியேதான். பொலோஞாவில் வானநூற் பேராசிரியராயிருந்த தொமெனிக்கோ மரியா நொவாரா என்பவரோடு கோப்பர்னிக்கஸ் நெருங்கிப் பழகி, அவருக்கு வானாய்வில் துணை புரிந்தான். 1497-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் இரவில் உரோகிணி விண்மீனைத் திங்கள் மறைத்ததைக் கண்டு குறித்துக்கொண்டான். பல்லாண்டுகள் கழித்து எழுதிய பெருநூலில் அந்த இரவின் குறிப்பைச் சான்றாக எடுத்தாண்டான். சட்டப் பட்டத்தையோ அவன் பொலோஞாவில் வாங்கவேயில்லை. 1503-ல் பெராரா என்னும் வேறு நகரத்திற் பெற்றான். பொலோஞாவில் பட்டம் பெறுவோன் நண்பர்க்கெல்லாம் பெருவிருந்து வைக்க வேண்டியிருந்தது. அச்செலவுக்கு அஞ்சியே அவன் அவ்வாறு செய்தான் என்று கருதும் ஆய்வாளர் உளர். நட்பு மிகுந்தால் செலவும் மிகும் போலும்!

மாணவர் கழகம் வீட்டுக்காரனை அடக்கியதோடு நின்றுவிடவில்லை. பேராசிரியரையும் அடக்கியது. தொடக்கத்தில் பேராசிரியர்க்கு ஊதியம் கொடுத்தவர் மாணவரே. ஆதலின் கட்டளையிட்டவரும் அவரே. 1317-ஆம் ஆண்டுக் கழகச் சட்டங்களைப் படிக்கும் இன்றைய ஆசிரியர்கள் தாம் அக்காலத்திற் பிறவாமற் போனமைக்கு மகிழ்ச்சி கொள்வர். ஒரு நாள் விடுப்பு வேண்டுமானாலும் ஆசிரியர் மாணவரிடம் இசைவு பெற வேண்டும். ஊரை விட்டு வெளியே செல்வதானால், திரும்பி வருவார் என்பதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். மணி அடித்ததும் தொடங்க வேண்டும்; அடுத்த மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். கடினமான பகுதியைத் தாண்டிச் செல்லலாகாது. குறித்த நாளுக்குள் குறித்த இடத்தை எட்ட வேண்டும். பாடம் கேட்க ஐவர்க்குக் குறைவாக வந்தால், ஆசிரியரே வராதவராகக் கருதப்பட்டுத் தண்டம் கட்ட வேண்டும்! ஆசிரியர் இவ்விதிகளை மீறுகின்றாரா என்று மறைவாகக் கவனித்துத் தலைவனிடம் அறிவிக்க மாணவருள் ஒற்றரும் இருந்தனர்.

இவ்வளவு வலிமை மாணவர்க்கு எவ்வாறு வந்தது? அந்நாளைப் பல்கலைக்கழகத்திற்குக் கட்டடம் கிடையாது, நூலகம் கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது. பாடம் நடந்தது ஆசிரியர் இல்லத்திலோ வாடகைக்கு எடுத்த கூடத்திலோதான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத கூட்டம் நினைத்த மாத்திரத்தில் மூட்டை கட்டிவிடலாம். அவர்கள் போய்விட்டால் வீட்டு வாடகையும் மது விற்பனையும் ஏடெழுதுவோர் பிழைப்பும் அவர்களோடு போய்விடும். 1222-ல் பொலோஞாவிலிருந்து பிரிந்தவர்களாலேயே பதுவாப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1321-ல் மாணவன் ஒருவனுக்கு நகரத்தார் மரண தண்டனை விதித்து நிறைவேற்றியபோது பெருங்கூட்டம் சியேனாவுக்குப் போய்விட்டது. நகரத்தார் இறங்கி வந்து உடன்பாடு செய்துகொண்ட பின்னரே அவர்கள் திரும்பினர்.

இதனைக் குடியாட்சிப் பொற்காலம் என்று பாராட்டிவிட இயலாது. பொலோஞா நகரத்து இளைஞர் அதே ஆசிரியரிடம் பயின்றாலும் அவர்களுக்குக் கழகத்தில் வாக்கில்லை. அவர்களைக் காக்க நகரம் இருந்தது அன்றோ? பெண்களுக்கு இடம் உண்டா என்ற கேள்வியே அந்நாளில் எழவில்லை. அஃதன்றி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நகரமே பேராசிரியர்க்கு ஊதியம் தரத் தொடங்கியது. ஊதியம் கொடுக்கும் கை மாறவே, நாளடைவில் ஆட்சியும் கை மாறியது. மாணவத் தலைவன் பதவி ஆடம்பரமும் செலவும் மிகுந்த வெறும் சிறப்புப் பதவியாய்த் தேய்ந்தது.

வடக்கே பாரிசில் கதை வேறு. அங்கே கழகமாகக் கூடியவர் ஆசிரியர். மாணவர், சிறப்பாகக் கலைப் பிரிவில் சேர்ந்தோர், பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர். நாட்டுக்குழுக்கள் பாரிசிலும் இருந்தன. பிராஞ்சியர், நோர்மானியர், பிக்கார்டியர், ஆங்கிலேயர் என அவை நான்கு. ஆனால் அவற்றில் வாக்குரிமை பெற்றவர் பட்டம் பெற்ற ஆசிரியரே. சிறுவன் ஓர் ஆசிரியரைப் பற்றிக்கொண்டு அவர் நிழலில் வாழ வேண்டியவன்.

நகரத்தாரோடு உண்டான பகை பாரிசில் பொலோஞாவினும் கொடிதாயிருந்தது. 1200-ஆம் ஆண்டில் செருமானிய மாணவன் ஒருவனுடைய ஏவலாள் மது வாங்கச் சென்ற இடத்தில் அடிபட்டான். மாணவர் சென்று கடைக்காரனை அடித்தனர். நகர அதிகாரி குடிமக்களை ஆயுதத்தோடு திரட்டிவந்து செருமானியர் விடுதியைத் தாக்க, ஐவர் மாண்டனர். மாணவரும் ஆசிரியரும் நகரை விட்டே போய்விடுவர் என்று அஞ்சிய மன்னன் பிலிப்பு அதிகாரியைத் தண்டித்து, மாணவரை நகரக் காவலர் கையிலிருந்து விலக்கித் திருச்சபை நீதிக்கு உட்படுத்திப் பட்டயம் அளித்தான். 1229-ல் மீண்டும் ஒரு மதுக்கடைச் சண்டை, மீண்டும் சாவுகள். இம்முறை ஆசிரியர் பாடம் நிறுத்திக் கலைந்தே போயினர். இரண்டாண்டுகள் கழித்து, 1231-ல், போப்பாண்டவர் ஒன்பதாம் கிரெகோரி வெளியிட்ட ஆணையில், தம் உரிமைக்கு ஊறு நேர்ந்தால் பாடத்தை நிறுத்தும் உரிமை ஆசிரியர்க்கு எழுத்து வடிவிலேயே வழங்கப்பட்டது.

ஏழை மாணவர்க்கு உறைவிடம் அமைத்ததும் பாரிசின் சிறப்பு. 1180-ல் இலண்டனைச் சேர்ந்த ஜோசியஸ் என்பவர் எருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில், பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் ஏழை மாணவர் தங்கியிருந்த அறையைக் கண்டு, அதனைப் பதினெட்டு மாணவர்க்கு என்றும் உரியதாக விலைக்கு வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஈடாக அம்மாணவர் செய்ய வேண்டியது, அம்மருத்துவமனையில் இறப்போர் உடலின் முன்னே சிலுவையும் திருநீரும் ஏந்திச் செல்வது. இன்று கல்லூரி என நாம் வழங்கும் அமைப்பு இப்படிப் பிணத்தின் முன் நடந்து சென்ற சிறுவர்களிடமிருந்து தொடங்கியது. சோர்போன் ஊர் ராபர்ட் 1257-ல் நிறுவிய புகழ்பெற்ற இல்லம் இதற்குப் பிற்பட்டதே.

பலர் ஒருங்கே உறையும் விடுதிக்குள் புதிதாக ஒரு சிறுவன் நுழைந்தால் என்னாகும்? இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. புதியவனைப் பிராஞ்சு மொழியில் ‘பெக் ஜோன்’ என்றனர். மஞ்சள் அலகு என்பது பொருள். கூட்டை விட்டு இன்னும் பறக்காத குஞ்சின் அலகு மஞ்சளாயிருக்கும் அன்றோ! இலத்தீன் வடிவில் அது ‘பெயானுஸ்’ ஆயிற்று. அச்சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாணவ வாழ்க்கை இன்னதென்று அறியாத விலங்கு என்று பொருள்படும் ஒரு தொடராகவும் விரித்து நகைத்தனர். விலங்கு என்றால் அதனை மனிதனாக்க வேண்டும். அதற்கொரு சடங்கு வேண்டும். சடங்குக்குப் பின் விருந்தும் வேண்டும். விருந்துச் செலவு விலங்கினுடையது.

செருமானிய நாட்டில் இச்சடங்கு முழு நாடகமாக வளர்ந்தது. ஏறத்தாழ 1481-ல் அச்சான, மாணவர்க்கு இலத்தீன் உரையாடல் கற்பிக்கும் சிறுநூல் ஒன்று இதை விரித்துரைக்கிறது. மூத்த மாணவர் இருவர் புதியவன் அறைக்குள் நுழைகின்றனர். ஏதோ பிணநாற்றம், ஆட்டுநாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்கின்றனர். பின்பு, அதோ ஒரு விலங்கு என்று அவனைச் சுட்டுகின்றனர். அதற்குக் கொம்பாம், மாட்டுக் காதாம், பன்றிக் கோரைப்பல்லாம். மருத்துவன் வேடம் பூண்ட ஒருவன் வந்து கொம்பை அறுக்கிறான், பல்லைப் பிடுங்குகிறான், களிம்பு பூசுகிறான், மாத்திரை கொடுக்கிறான். அடுத்து அவனைப் பாவமன்னிப்புக் கேட்க வைத்து, செய்யாத குற்றங்களையெல்லாம் செய்ததாக ஒப்புக்கொள்ளச் செய்கின்றனர். முடிவில் கைகுலுக்கி, இனி நீ எங்களுள் ஒருவன் என்கின்றனர். மொழி கற்பிக்கும் பாடநூலிலேயே இது இடம் பெற்றதென்றால் எவ்வளவு இயல்பான செய்தியாக இதனைக் கருதினர் என்பது விளங்கும். மலேசியாவிலும் இலங்கையிலும் பகடிவதை, பகிடிவதை என வழங்குவதன் பழைய முகம் இது.

அதிகாரிகள் வாளாவிருந்தாரல்லர். பாரிஸ் பல்கலைக்கழகம் 1340களிலேயே புதியவரிடம் பணம் பறித்தலைத் தடுத்துச் சட்டம் செய்தது. அவிஞோனில் 1441-ல் புனித செபஸ்தியார் பெயரால் ஒரு மாணவர் சங்கம், புதியவர்மீது நடந்த கொடுமைகளை ஒழுங்குபடுத்தும் நோக்கத்தோடு எழுந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் 1495-ஆம் ஆண்டுச் சட்டமோ புதியவரை இகழலாகாது, தண்ணீரோ சிறுநீரோ ஊற்றலாகாது, புழுதியும் அழுக்கும் எறியலாகாது, சீழ்க்கையடித்து ஏளனம் செய்யலாகாது, அச்சுறுத்தும் குரலிற் கத்தலாகாது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஊற்றாத ஊரில் ஊற்றலாகாதென்று எவரும் சட்டம் எழுதார். ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாகத் தடைகள் எழுந்துகொண்டே இருந்தன என்பதால் அவற்றின் பயன் இவ்வளவு என்று நாமே அளந்துகொள்ளலாம்.

இதில் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. பொலோஞாவில் புதியவன் வந்தவுடன் கட்டணம் செலுத்தி வாக்குப் பெற்றான். வீட்டுக்காரனையும் ஆசிரியரையும் அடக்கும் கூட்டத்தில் ஒருவனானான். வடக்கே விடுதிச் சிறுவனுக்கு எதன்மேலும் ஆட்சியில்லை. ஆசிரியர்க்கு அவன் கீழ். விடுதித் தலைவர்க்குக் கீழ். தாய்மொழியிற் பேசினாலும், ‘ஓநாய்’ எனப் பெயர் பெற்ற ஒற்றன் அதை எழுதிக்கொண்டு போய்த் தண்டம் வாங்கிக் கொடுப்பான், ஏனெனில் விடுதியில் இலத்தீன்தான் பேச வேண்டும். அவன் ஆட்சி செய்யக் கிடைத்த ஒரே பொருள் அடுத்த ஆண்டு வரும் புதியவன். கொம்பறுபட்டவன் அடுத்த ஆண்டு வாள் எடுத்து அறுக்க முந்தியது இதனால்தான் என்பது என் எண்ணம். இத்தாலிய நகரங்களிலும் பிற்காலத்தில், கழகத்தின் ஆட்சி தேய்ந்தபின், புதியவனைப் பிழிந்து விருந்துண்ணும் பழக்கம் தலைகாட்டியது இவ்வெண்ணத்திற்கு அரண் செய்கிறது. ஆயினும் இதனை எங்கும் பொருந்தும் விதியாக்க நான் துணியேன். வயதும் விடுதி நெருக்கமும் காரணமாகலாம்.

பெரியோரும் இச்சடங்கிற்கு இணங்கியதுதான் விந்தை. விட்டன்பெர்க்கில் மார்ட்டின் லூதர் தாமே இதிற் பங்கு கொண்டு, இது விளையாட்டேயாயினும் வாழ்நாள் முழுதும் மனிதன் படப்போகும் துன்பங்களின் உருவகம் என்று இளைஞர்க்கு எடுத்துரைத்தார். சமயச் சீர்திருத்தம் செய்தவர் சீர்திருத்தாமல் விட்டவற்றுள் இதுவும் ஒன்று. தடுக்க முடியாததைத் தாமே எடுத்து நடத்துவது என்று பின்னர்ச் செருமானியப் பல்கலைக்கழகங்கள் முடிவு செய்தன. சடங்கு நடத்துவதற்கென ஒருவர் அமர்த்தப்பட்டார், கட்டணம் வரையறுக்கப்பட்டது, கோடரி, இரம்பம், குறடு முதலிய கருவிகள் மரத்தாற் செய்து வைக்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மறையும் வரை, கொம்பு அறுபட்டதற்குரிய சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுமாணவன் பெயரைப் பல பல்கலைக்கழகங்கள் தம் பதிவேட்டில் எழுதின. பொலோஞாவில் கோப்பர்னிக்கஸ் பெயரை எழுத ஒன்பது காசு போதுமாயிருந்தது.